யாருடைய மஞ்சள்

என் மண்டபத்துக் கக்கூஸில் ஒரு நாள் மஞ்சள் நிறத்தில் தண்ணீர் கொட்டியது. அதற்காக ஒரு பெண்ணின் கல்யாணம் நிற்கப் பார்த்தது. நடந்து வருஷங்கள் ஓடிவிட்டன. இன்றைக்கும் நினைத்தால் எனக்குக் காது மடல் சுடுகிறது. கோபத்தைக் குறைத்துக்கொண்டு எழுதச் சொல்கிறாள் என் வீட்டுக்காரி. குறைப்பதற்கு இது என்ன சாம்பார் உப்பா? உள்ளபடிதான் எழுதுவேன்.

திண்டிவனத்தில் இறங்கி என் மண்டபம் எங்கே என்று கேளுங்கள். ஆட்டோக்காரர் கைகாட்டிவிட்டுத்தான் வாடகை சொல்வார். அந்த மண்டபத்தில் என் அப்பன் வைத்துவிட்டுப் போன செங்கல் ஒன்று கூடக் கிடையாது. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மரக்காணத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் பிறந்தேன். குப்பத்தில் பிறந்தும் கடல் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. படகில் ஏறினால் வாந்தி. சிரித்தார்கள். சிரிக்கிறவர்கள் நடுவில் இருக்கப் பிடிக்காமல் 1993இல் திண்டிவனம் வந்து தண்ணீர் லாரியில் கிளீனராகச் சேர்ந்தேன். இங்கே டீக்கடையில் என்னை ‘டேய் கருவாடு’ என்று கூப்பிட்டார்கள். அப்படிக் கூப்பிட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு என் மண்டபத்தில்தான் கல்யாணம் நடந்தது. அதை நான் மறக்கவில்லை, அவர்களையும் மறக்க விடவில்லை.

கிளீனர் டிரைவரானேன். டிரைவர் முதலாளியானேன். ஒரு லாரி மூன்றானது. அந்த வருஷங்களில் திண்டிவனத்தில் வெயில் ஏறினால் குழாயில் காற்றுதான் வரும். தெருமுனையில் என் லாரியைக் கண்டால் குடங்கள் தானே ஓடி வருகிற மாதிரி இருக்கும். ‘இன்னாப்பா இவ்ளோ லேட்டு’ என்று கேட்பார்கள். ‘இன்னும் ரெண்டு கொடம் உடுப்பா’ என்று கெஞ்சுவார்கள். ‘இந்தத் தண்ணி எங்கேந்து வருது’ என்று ஒருத்தர், ஒரே ஒருத்தர், கேட்டதில்லை.

எங்கிருந்து வந்தது என்று நான் சொல்கிறேன். ஊருக்கு வெளியே ஓர் ஏரி. மழை பெய்கிற இரண்டு மாதம் அது ஏரி. மற்ற மாதங்களில் ஊர் வாய்க்கால்கள் எல்லாம் வந்து விழுகிற குட்டை. எருமை கிடக்கும், பன்றி புரளும். அதன் கரைக்குக் கீழே ஒரு பயிர்க்கிணறு. எந்த வெயிலிலும் வற்றாது. ஏன் வற்றாது என்று யோசித்தால் குடிக்க முடியாது, அதனால் நானும் யோசிக்கவில்லை. பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும். மண் வடிகட்டுகிறது. அந்தத் தண்ணீரைத்தான் டாக்டர் வீட்டுக்கும் வக்கீல் வீட்டுக்கும் கோயில் அன்னதானத்துக்கும் ஊற்றினேன். யாரும் சாகவில்லை. கும்பிட்டு வாங்கிக்கொண்டார்கள்.

லாரிகளை ஒவ்வொன்றாக விற்றுத்தான் மண்டபம் கட்டினேன். கடைசி லாரியை என்னிடம் கிளீனராக இருந்தவனுக்கே கொடுத்தேன். மண்டபம் எழும்பிய பிறகுதான் தெரிந்தது, கல்யாணம் என்பது தண்ணீரைக் குடிக்கிற பிசாசு என்று. பெண் வீடு குளிக்கும். மாப்பிள்ளை வீடு குளிக்கும். சொந்தக்காரர் குழந்தைகள் குழாயைத் திறந்துவிட்டு விளையாடும். முன் கேட்டில் லாரி லாரியாக வருகிற தண்ணீர், பின்சுவரில் இருக்கிற ஓட்டை வழியாக அப்படியே பக்கத்து மனைக்குப் போகும். பக்கத்து மனைக்காரர் சண்டைக்கு வருவார். லாரியை ஓட்டி வந்தவன் நான். அது வீணாகப் போவதைப் பார்க்க எனக்கு வயிறு எரியாதா?

எங்கள் குப்பத்தில் நல்ல தண்ணீர் தலையில் ஏறித்தான் வரும். அரிசி களைந்த தண்ணீரில் மீன் அலசி, அலசிய தண்ணீரில் சட்டி கழுவி, கழுவியதை முருங்கைக்கு ஊற்றுவார்கள் பெண்கள். அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. இப்போது அதற்குப் பெயர் வைத்து, கூட்டம் போட்டு, பொன்னாடை போர்த்திக்கொள்கிறார்கள்.

ஓர் எஞ்சினியரைக் கூப்பிட்டுச் சொன்னேன். “குளிக்கிற தண்ணிய சுத்தம் பண்ணி கக்கூஸ் ஃபிளஷுக்கு ஏத்தணும் சார்.”

அவர் சிரித்தார். “அதெல்லாம் பெரிய கம்பெனிங்க பண்றது பெரியவரே. உங்களுக்கு எதுக்கு இந்த பேஜாரு?”

அந்தச் சிரிப்பு போதும் எனக்கு. அனந்தபுரத்தில் ஒரு கொத்தனாரைப் பிடித்தேன். இரண்டு பேரும் மண்ணில் குச்சியால் கோடு போட்டு, கோடு போட்டு, அழித்து, பின்சுவர் ஓரமாக நான்கு தொட்டி கட்டினோம். முதலாவதில் ஜல்லி. இரண்டாவதில் ஆற்று மணல். மூன்றாவதில் சவுக்குக் கரி, எங்கள் கடற்கரையிலிருந்து மூட்டை மூட்டையாக வரவழைத்தது. நான்காவதில் மண் நிரப்பி கல்வாழை நட்டோம். குளித்த தண்ணீர் இந்த நான்கையும் கடந்து அடியில் இருக்கிற சம்ப்பில் விழும். அங்கிருந்து மோட்டார் போட்டால் தனிக் குழாயில் மாடியில் இருக்கிற மேல்தொட்டிக்கு ஏறும். கழுவுகிற குழாயில் எப்போதும் லாரித் தண்ணீர்தான். சங்கிலியை இழுத்தால் கொட்டுகிற தொட்டிக்கு மட்டும் இந்தத் தண்ணீர். குழாய்க்குப் பச்சை பெயின்ட் அடித்தேன், யாரும் மாற்றிப் பொருத்திவிடக் கூடாது என்று.

முதல் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து, லாரித் தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து, எது எது என்று வீட்டுக்காரியைக் கேட்டேன். மாற்றிச் சொன்னாள். எனக்கு வாயெல்லாம் பல்.

அந்தச் சந்தோஷத்தில்தான் போர்டு எழுதத் தீர்மானித்தேன். அவள் வேண்டாம் என்றாள்.

“பண்றத பண்ணிக்கினு கம்னு கெட. ஊர கூட்டிச் சொல்லாத.”

“ஏன், திருடனா நானு?”

“மனுஷனுக்கு மூக்கு மூஞ்சில இல்ல, காதுல கீது. சொல்லாம உட்டா நாறாது. சொன்னா நாறும்.”

கேட்டேனா? ஆள் உயரத்துக்கு போர்டு எழுதி வாசலில் மாட்டினேன். ‘இம்மண்டபத்தில் குளித்த தண்ணீர் சுத்தம் செய்யப்பட்டு கழிவறைக்குப் பயன்படுத்தப்படுகிறது. ஒரு சொட்டும் வீணாவதில்லை. திட்டம், அமைப்பு: உரிமையாளர்.’ பக்கத்தில் கைகட்டிய என் படம். அதைப் படித்தவர்கள் குறைவு, பேசியவர்கள் அதிகம்.

சமையல் மாஸ்டர் ஒருத்தர், முகத்தில் சிரிப்பே காட்டாமல், “மொதலாளி, ரசத்துக்கு எந்தக் கொழாயில புடிக்கறது, பச்சையா வெள்ளையா?” என்றார். ஒரு பாட்டியம்மா கக்கூஸுக்குள் போகாமல் வாசலில் நின்று “உள்ள போனா தீட்டா, வெளிய வந்தா தீட்டா?” என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தார். சிலர் புக்கிங்கை ரத்து செய்தார்கள், காரணம் சொல்லாமல். ‘கக்கூஸ் தண்ணி மண்டபம்’ என்று போட்டிக்காரர்கள் பெயர் வைத்தார்கள். கக்கூஸுக்குப் போகிற தண்ணீருக்கும் கக்கூஸிலிருந்து வருகிற தண்ணீருக்கும் வித்தியாசம் தெரியாத படித்த கூட்டம். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ஒரு டாக்டரம்மா மட்டும், உறவுக்காரர் கல்யாணத்துக்கு வந்தவர், புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான்கு தொட்டியையும் சுற்றிப் பார்த்து எனக்குக் கை கொடுத்தார். அந்தக் கையை இரண்டு நாள் நான் சோப்பு போட்டுக் கழுவவில்லை.

இப்போது அந்த வைகாசிக்கு வருகிறேன்.

இரண்டாயிரத்துப் பத்துக்குப் பிறகு ஒரு வருஷம். முகூர்த்தம் மேல் முகூர்த்தம். ஒரு கூட்டம் மதியம் காலி செய்யும், அடுத்த கூட்டம் மாலையில் உள்ளே வரும். கரித் தொட்டியில் கரியை அவ்வப்போது மாற்ற வேண்டும். மாற்ற ஒரு நாள் இடைவெளி வேண்டும். இடைவெளி இல்லை. இன்னும் நான்கு கல்யாணம் தாங்கும் என்று விட்டுவிட்டேன். அது என் தப்பு. என் தப்பை நான் ஒப்புக்கொள்வேன். மற்றவர்கள் தப்புக்குத்தான் வருகிறேன்.

அன்றைக்குக் காலையில் நடந்தது கூட்டேரிப்பட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு வாத்தியார் வீட்டுக் கல்யாணம். மூத்த பெண்ணுக்கு. காலனிக்காரர்கள். நான் என் போர்டை மாட்டிய நாளிலிருந்து அதை முழுசாக, நிறுத்தி நிதானமாக, தன் சொந்தக்காரர்களைச் சுற்றி நிற்கவைத்துச் சத்தமாக வாசித்துக் காட்டிய ஒரே மனிதர் அந்த வாத்தியார். “பாத்துக்கோங்க, படிக்காத மனுஷன் பண்ணியிருக்கறத” என்றார். அதில் ஒரு குத்தும் இருந்தது, ஒரு மரியாதையும் இருந்தது. நான் இரண்டையும் வாங்கிக்கொண்டேன்.

தாலி கட்டி, பந்தி முடிந்ததும், பின்கட்டுக் குளியலறை முற்றத்தில் மஞ்சள் தண்ணீர் விளையாடினார்கள். எங்கள் பக்கத்தில் அது எல்லாச் சாதிக் கல்யாணத்திலும் உண்டு. அத்தைப் பெண்கள் அண்டாவில் மஞ்சளைக் கரைத்து மாமன் மேல் ஊற்றுவார்கள், மாமன் துரத்துவான், புடவை வேட்டி எல்லாம் மஞ்சள். அன்றைக்கு அண்டா அண்டாவாக ஊற்றினார்கள். பிறகு எல்லோரும் தலை முழுகினார்கள். போகும்போது முற்றத்தை அவர்களே கழுவிவிட்டுப் போனார்கள். எந்தக் கூட்டமும் அதைச் செய்ததில்லை.

வாத்தியார் கிளம்பும்போது என் கையைப் பிடித்தார். “ரெண்டாவது பொண்ணுக்கும் இங்கதாங்க. நாள் குறிச்சதும் மொத போன் உங்களுக்கு.”

அவ்வளவு மஞ்சளையும் என் பழைய கரியால் பிடித்துவைக்க முடியவில்லை. அது அடியில் இறங்கியது, மோட்டார் போட்டதும் மேலே ஏறியது.

மாலையில் அனந்தபுரத்துப் பெண் வீடு உள்ளே வந்தது. பெண்ணின் அப்பா வேர்க்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, போடுகிற விவசாயி. கூச்ச சுபாவம். நாற்காலி நகர்த்துவதற்குக் கூட என்னிடம் அனுமதி கேட்டார். வெயில் தாழ்ந்ததும் விழுப்புரத்திலிருந்து மாப்பிள்ளை வீடு இரண்டு வேனும் ஒரு காருமாக வந்து இறங்கியது. மாப்பிள்ளையின் தாய்மாமன்தான் அந்தக் கூட்டத்துக்குத் தலை. வரிசைத் தட்டு உள்ளே போவதற்குள் அவர் கக்கூஸுக்குப் போனார்.

போன வேகத்தில் வெளியே வந்தார்.

“யோவ் ஓனரு! இங்க வாய்யா. கக்கூஸ்ல மூத்திரத்தையே புடிச்சி ஊத்தறியா?”

போய்ப் பார்த்தேன். சங்கிலியை இழுத்தேன். இளமஞ்சளாகக் கொட்டியது. பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

“மூத்திரம் இல்லீங்க. மஞ்சளு. குளிச்ச தண்ணிய சுத்தம் பண்ணி ஃபிளஷ்ஷுக்கு ஏத்தறோம். வாசல்ல போர்டு பாக்கலீங்களா? கரி பழசாயிட்ச்சி, அதான் கலரு தங்கிட்ச்சி. வாசன பாருங்க, ஒண்ணும் இருக்காது.”

அவர் குனிந்து மோந்து பார்த்தார். நிமிர்ந்தார். சிரித்தார். “அட, மஞ்சளா! நான் கூட பயந்துக்கினேன். கல்யாண மண்டபத்துல மஞ்சள் வந்தா நல்லதுதான?” என்று என் தோளில் தட்டினார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். “மாமாவுக்குத் தங்கத் தண்ணியே ஊத்தறாங்கடா” என்று ஒருத்தன் கத்தினான்.

கவனியுங்கள். இந்த இடத்தை விட்டுவிடாதீர்கள். அந்த மனிதருக்குக் குளித்த தண்ணீர் என்று தெரியும். சுத்தம் செய்த தண்ணீர் என்று தெரியும். மோந்தும் பார்த்தாயிற்று. சிரித்தாயிற்று. பிரச்சினை முடிந்தது.

அப்போதுதான் வெளியே வாட்ச்மேன் காலைக் கல்யாணத்து பேனரை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவர்கள் ஆள் ஒருத்தர் அதன் அடிவரியைப் படித்துவிட்டார். ‘வாழ்த்தும் காலனி இளைஞர்கள்.’ வந்து மாமன் காதில் சொன்னார்.

மாமன் முகத்தில் இருந்த சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

“யாரோட மஞ்சள்யா அது?”

“கல்யாணப் பொண்ணோட மஞ்சளு.”

“எந்தக் கல்யாணம்னு கேக்கறேன். காலைல யாரு கல்யாணம் இங்க?”

“ஒரு வாத்தியார் பொண்ணு கல்யாணம்.”

“இன்னா ஆளுங்க?”

“மனுஷனுங்க” என்றேன்.

“காலனி ஆளுங்க குளிச்ச தண்ணியிலயா எங்கூட்டுப் பொம்பளைங்க...” என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. முடிக்கவே வேண்டியிருக்கவில்லை. வரிசைத் தட்டுகள் திரும்பி வேனுக்குப் போயின. கூட்டம் ரோட்டில் நின்றது. மாப்பிள்ளை காரை விட்டு இறங்கவே இல்லை. ஏசி போட்டுக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். இந்தக் கதையில் எனக்கு அவன் மேல்தான் முதல் கோபம் என்று சில நாள் தோன்றும்.

நான் கத்தினேன். கத்தாமல் இருப்பேனா? “பஸ்ஸுல ஏறினா முன்னாடி யாரு குந்தியிருந்தான்னு கேட்டுக்கினா குந்தறீங்க? ஆஸ்பத்திரில ரத்தம் ஏத்தும்போது எந்தத் தெருன்னு கேப்பீங்களா?”

“கருவாட்டுக்காரங்கிட்ட மண்டபம் புடிச்சா இப்டித்தான் இருக்கும்” என்றார் மாமன், என்னைப் பார்க்காமல், தன் ஆட்களைப் பார்த்து. இத்தனை வருஷம் கழித்து அந்த வார்த்தை. பிறகு மூன்று விரலை மடக்கினார். தொட்டித் தண்ணீர் முழுசையும் கொட்ட வேண்டும். டேங்கர் வரவழைத்து மண்டபத்தை மேலிருந்து கீழே கழுவ வேண்டும். அந்த போர்டைக் கழற்ற வேண்டும். இல்லையென்றால் வேன் விழுப்புரத்துக்குத் திரும்பும்.

“திரும்பட்டும்” என்றுதான் சொல்ல வாயைத் திறந்தேன். அனந்தபுரத்துக்காரர் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“அண்ணா, செஞ்சிருங்கண்ணா. எனக்கு ஒண்ணுமில்லண்ணா. அவங்கதான்...”

“உங்களுக்கு ஒண்ணுமில்லல்ல? அப்ப நீங்க சொல்லுங்க அவங்ககிட்ட.”

“எம்பொண்ண பாருங்கண்ணா.”

பார்த்தேன். மாடிப்படியின் மேலே நின்றிருந்தாள். முகத்தில் நலங்கு மஞ்சள் காயாமல் இருந்தது. அத்தை ஒருத்தி உள்ளே இழுக்க, வராமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ரோட்டில் நிற்கும் காரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நான் யாருக்கும் பணியாதவன் என்று ஊரில் பேர். அன்றைக்குப் பணிந்தேன். “வால்வ தெறந்து உடுய்யா” என்று வாட்ச்மேனிடம் சொன்னேன். மேல்தொட்டித் தண்ணீர் இளமஞ்சளாக முன்வாசல் வழியே வாய்க்காலுக்கு ஓடியது. அவர் அவிழ்த்துக் கீழே போட்டிருந்த பேனர் அந்த வழியில் கிடந்தது. எலக்ட்ரீஷியன் ஏணி போட்டு போர்டைக் கழற்றினார். நான் டேங்கருக்குப் போன் போட்டேன். ஜல்தி வரச் சொன்னேன்.

வந்தது என் பழைய லாரி. என் பழைய கிளீனர்தான் ஓட்டி வந்தான். அருகில் போய் மெதுவாகக் கேட்டேன். “எங்க புடிச்ச?”

“ஏன் மொதலாளி புச்சா கேக்கறீங்க? நம்ம ஏரிக்கர கெணறுதான். இந்த வெயில்ல வேற எங்க கீது தண்ணி?”

மாமன் ஹோஸ் பைப்பைக் கையில் வாங்கினார். முகம் கழுவினார். வாய் கொப்பளித்தார். கை நிறைய ஏந்தி எல்லோருக்கும் காட்டி, “பாத்தியா, இது தண்ணி” என்றார்.

அந்த ஏரியில் திண்டிவனத்துத் தெருவெல்லாம் கலக்கிறது. காலனித் தெருவும் கலக்கிறது, அவர் சாதித் தெருவும் கலக்கிறது, நான் இப்போது திறந்துவிட்ட மஞ்சளும் ராத்திரிக்குள் அங்கேதான் போய்ச் சேரும். சொல்ல நாக்கு துடித்தது. சொன்னால் வேன் திரும்பும். மாடிப்படியைப் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

மூடிக்கொண்டு திரும்பினால், கேட்டருகே வாத்தியார்.

மொபெட்டில் ஒரு காலை ஊன்றியபடி நின்றிருந்தார். மணவறைக்கு வைத்த குத்துவிளக்கை மறந்துவிட்டுப் போயிருந்தார்கள், அதை எடுக்க வந்திருக்கிறார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. ஓடுகிற தண்ணீரைப் பார்த்தார். ஏணியைப் பார்த்தார். ஈரத்தில் கிடந்த பேனரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் லாரி டயரைப் பார்த்தேன்.

“வேலையா இருக்கீங்க. அப்பறமா வர்றேன்” என்று மொபெட்டைத் திருப்பினார். வரவில்லை.

மறுநாள் காலை தாலி ஏறியது. மேளம் கொட்டியது. பந்தி முடிந்ததும் அவர்களும் பின்கட்டில் மஞ்சள் தண்ணீர் விளையாடினார்கள். மாமனைப் பிடித்து நிறுத்தி அண்டாவோடு கவிழ்த்தார்கள். மீசையிலிருந்து மஞ்சள் சொட்ட அவர் சிரித்துக்கொண்டு நின்றார். இனிமேல் கல்யாணம் நிற்காது என்று ஆனதும் நான் கிட்டே போனேன். அந்த டேங்கர் தண்ணீர் எங்கிருந்து வந்தது, அந்த ஏரியில் எதெல்லாம் விழுகிறது, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். வாந்தி எடுப்பார் என்று எதிர்பார்த்தேன்.

துண்டால் முகத்தைத் துடைத்தார். “கெணத்துத் தண்ணிதான? கெணத்துத் தண்ணிக்கு இன்னா? பூமிதான வடிகட்டிக் குடுக்குது.”

“எந்தொட்டியிலயும் மண்ணுதான்யா வடிகட்டுது!”

“அது வேற, இது வேற ஓனரு” என்று என் தோளில் மஞ்சள் கையாலேயே தட்டிவிட்டு வெற்றிலைத் தட்டுக்குப் போனார். அந்தச் சட்டையை நான் பிறகு போடவில்லை.

இரண்டு நாள் கழித்து குத்துவிளக்கைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கூட்டேரிப்பட்டுக்கு காரை ஓட்டினேன். வாத்தியார் வீட்டில்தான் இருந்தார். நாற்காலி போட்டார். நான் பேசினேன். பெண்ணின் அப்பா கெஞ்சியது, அந்தப் பெண் நின்ற நிலை, என் கை கட்டப்பட்டது எல்லாம். பையன்கள் வீட்டுப்பாடம் எழுதாததற்குக் காரணம் சொல்லும்போது கேட்பாரே, அப்படிக் கேட்டார்.

“அந்தப் பொண்ணு கல்யாணம் நடந்துச்சிங்களா?”

“நடந்துச்சி சார்.”

“நல்லதுங்க.”

வைகாசி வெயில். என் தொண்டை ஒட்டிக்கொண்டது. எங்கள் ஜில்லாவில் வீட்டுக்கு எதிரி வந்தால் கூட முதலில் ஒரு சொம்பு தண்ணீர் வரும். வரவில்லை. கொடுத்தால் இவன் குடிப்பானா மாட்டானா என்று அவர் யோசித்திருக்கலாம். அப்படி யோசிக்க வைத்தவன் நான். நானே கேட்டேன்.

“கொஞ்சம் தண்ணி குடுங்க சார்.”

“டேங்கர் தண்ணிதாங்க. உங்களுக்கு அதான ஆவும்?”

சின்ன மகள் சொம்பில் கொண்டுவந்தாள். இறக்காமல் குடித்தேன். சொம்பைக் கீழே வைத்ததும் சொன்னார். “அன்னிக்கி போர்டு கழட்டும்போது ஸ்க்ரூவக் கூட பொறுக்கி எடுத்து டப்பால போட்டாரு உங்க ஆளு. பாத்துக்கினுதான் இருந்தேன். பேனர்ல இருந்த எம்பொண்ணு படம் தண்ணியில கெடந்துச்சி. அத எடுத்து ஓரமா வெக்க ஒரு ஆளு இல்ல.”

துணியை அவிழ்த்து, குத்துவிளக்கைச் சொம்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்தேன்.

அந்த வாரமே கரி மாற்றினேன், டேங்கர் தண்ணீருக்காகப் பிரித்துவிட்டிருந்த மேல்தொட்டியைப் பச்சைக் குழாயோடு திரும்பச் சேர்த்தேன், போர்டை அதே இடத்தில் மாட்டினேன். என் படத்தை அழிக்கச் சொல்லி, அந்த இடத்தில் ஒரு வரி சேர்த்து எழுதச் சொன்னேன். ‘முன்னால் யார் கல்யாணம் என்று கேட்பவர்கள் வேறு மண்டபம் பார்க்கவும்.’ பெயின்டர் பிரஷ்ஷை நிறுத்திவிட்டு, “இத எழுதினா ஆளு வராதுங்களே” என்றார். “எழுதுய்யா” என்றேன். வராமல் போனவர்கள் உண்டு. வந்து படித்துவிட்டுச் செருப்பைத் திரும்ப மாட்டியவர்களை நானே பார்த்திருக்கிறேன். போகட்டும். நான் கிளீனராக இருந்து வந்தவன், என்னைப் பட்டினி போட அவர்களால் ஆகாது.

ஆனால் வாத்தியாரின் முதல் போன் எனக்கு வரவில்லை. இரண்டாவது பெண்ணின் பத்திரிகை தபாலில் வந்தது. விழுப்புரத்தில், வேறொரு மண்டபத்தில். போனேன். வாசலிலேயே வந்து கையைப் பிடித்து அழைத்துப் போய் முன்வரிசையில் உட்காரவைத்தார். பந்தியில் தானே நின்று எனக்குப் பரிமாறச் சொன்னார். கை கழுவப் போனால் குழாயடியில் தண்ணீர் வழிந்து சாக்கடைக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் பொறுக்கவில்லை. அவரிடமே கேட்டுவிட்டேன்.

“ஏன் சார், எம்மண்டபம் இருக்கும்போது?”

அவர் சிரித்தார். நல்ல சிரிப்புதான். “எனக்கு ஒண்ணுமில்லீங்க. சம்மந்தி வூட்டுலதான் அந்தத் தண்ணி விஷயம் புடிக்கலன்னாங்க.”

அனந்தபுரத்துக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்ன அதே வார்த்தை. சம்பந்தி வீட்டில் நிஜமாகவே அப்படிச் சொன்னார்களா, இல்லை நான் அன்று ஏற்றுக்கொண்ட சாக்கை எனக்கே திருப்பிக் கொடுத்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. முதலாவது என்றால் ஊர் மேல் கோபம். இரண்டாவது என்றால் யார் மேல் என்று நான் எழுத வேண்டியதில்லை. திறந்து கிடந்த அந்தக் குழாயை மட்டும் இறுக மூடிவிட்டு, திண்டிவனத்துக்கு பஸ் ஏறினேன்.